பாத்தல்கேத்துக்கு நடந்து போன சமையலறை

நிங்களாதார் கிராமத்தில் சருளி தேவியின் சமையலறை, சைத் மாதத்துக் கடைசி நாள் காலை பத்து மணி சுமாருக்கு, அடுப்பில் கருப்புப் பயறு வெந்துகொண்டிருந்தபோதே வீட்டை விட்டுக் கிளம்பியது. அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் இமயமலைப் பள்ளத்தாக்கில் இந்தக் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். சிலர் நிலநடுக்கத்தைக் குறை சொல்கிறார்கள், சிலர் புதிதாக வெட்டிய சாலையை. என் பெயரை ஒருவர்கூடச் சொல்வதில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது.

நான் கோவேறு கழுதை ஓட்டுகிறவன். பெயர் லச்சம் சிங், கூப்பிடுவது லச்சு. கழுதையின் பெயர் டிப்டி. எந்த வேலை சொன்னாலும், டெபுடி ஆபீசர் மாதிரி, மேலிடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்பதுபோல நின்றுவிடும், அதனால் அந்தப் பெயர். உப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை என்று எதையும் மலையில் ஏற்றி இறக்குவோம். எனக்கென்று வீடு உண்டு, அடுப்பு கிடையாது. அதற்குப் பதிலாக இந்த முகட்டிலிருந்து எதிர் முகடு வரை முப்பத்தேழு வீடுகளில், சமையலறை வாசற்படிக்கு வெளியே, என் உட்காருமிடம் அளவுக்குத் தேய்ந்த இடம் ஒன்று உண்டு. மூசாகோட்டில் குதிரைவாலிச் சோறும் மோர்க்குழம்பும். சிமல்சௌரில் கொள்ளுப் பருப்பும் காஞ்சொறிக் கீரையும். நிங்களாதாரில் கேழ்வரகு ரொட்டியும் அதன்மேல் உருகும் நெய்யும். உட்கார்ந்தால் எழ விடமாட்டார்கள், நானும் எழ முயன்றதில்லை. இரண்டு நாள் வழியை ஒன்பது நாளில் கடக்கிறவன் என்று என்னைக் கேலி செய்வார்கள். ஒன்பது நாளில் நான் சாப்பிட்டதை அவர்களால் இரண்டு நாளில் சாப்பிட முடியுமா என்று கேட்பேன்.

சைத் என்கிற பங்குனி மாதம் எங்கள் பக்கம் எல்லாக் கல்யாணமான பெண்களும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ பிட்டௌலி கொண்டுவருவான். வெல்லம் போட்டுச் சுட்ட புவா, ஒரு சேலை, ஊர்க் கதை எல்லாம் அதில் அடக்கம். வந்த பலகாரத்தை அவள் ஊரில் வீடு வீடாகப் பங்கு வைப்பாள். யார் வீட்டிலிருந்து தட்டு வந்தது, யார் வீட்டிலிருந்து வரவில்லை என்பதை ஊர் மறக்காது. சருளிக்கு ஒரே தம்பி, ஜமன் சிங். அவன் இருப்பது பாத்தல்கேத்தில், இரண்டு நாள் நடை, நடுவில் ஓர் ஆறு. பத்து வருஷம் தவறாமல் அவனே நடந்து வந்தான். பதினோராம் வருஷம், அக்ரூட் காய் உலுக்க மரம் ஏறியவன் காய்க்கு முன்னால் தான் விழுந்தான். இடுப்பும் காலும் போயின. சைத் வந்தும் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அண்ணன் முறை வைத்து ‘லச்சு தா’ என்று என்னைக் கூப்பிட்டு மூட்டையை மடியில் வைத்தான். நாற்பத்தொரு புவா, நீலச் சேலை ஒன்று. “லச்சு தா, நான் விழுந்ததை மட்டும் சொல்லிடாத. வேலை அதிகம்னு சொல்லு. தெரிஞ்சா அழுதே ஆத்துல வெள்ளம் வரவெச்சிருவா” என்றான்.

மூன்று நாள் மூட்டையைத் தொடவில்லை. இதை என் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான்காம் நாள், மூசாகோட்டில் தண்ணீர் குடிக்க நின்றபோது, கெட்டுப்போயிருக்குமோ என்ற நல்லெண்ணத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கெடவில்லை. ஆனால் நாற்பத்தொன்று நாற்பது ஆகிவிட்டது. மங்கலப் பொருள் இரட்டைப்படையில் போகலாமா? இன்னொன்றைத் தின்று ஒற்றைப்படை ஆக்கினேன். அந்தக் கிறுக்கு எண்ணம் மனதில் ஏறிவிட்டால் பிறகு நிறுத்துவது கஷ்டம்; வழியெல்லாம் யாராவது ஏதாவது போட்டார்கள், அதற்கு மேல் இனிப்பாக ஒன்று தேவைப்பட்டது. ஒன்பதாம் நாள் நிங்களாதார் எல்லைக்கு வந்தபோது மூட்டையில் ஒரு புவா இருந்தது. ஒற்றைப் புவாவை ஒரு பெண் எந்த ஊருக்குப் பங்கு வைப்பாள்? அவள் மானத்தைக் காப்பாற்ற அதையும் தின்றேன். சேலையை நான் தின்னவில்லை. சேலையைத் தின்றது டிப்டி.

சருளி வாசலில் நின்றிருந்தாள். எனக்கு அவள் அண்ணி முறை, போஜி என்றுதான் கூப்பிடுவேன். உப்பு மூட்டையை இறக்கினேன். “பாத்தல்கேத் பக்கம் போனியா லச்சு?” என்றாள். “அந்தப் பக்கமே போகல போஜி” என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு டிப்டியை ஒரு நிமிஷம் பார்த்தாள். டிப்டி தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கு என்னைவிட வெட்கம் அதிகம். அவள் வைத்த நெய் ரொட்டியைக்கூடத் தொடாமல், பசியில்லை, அவசரம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துச் சமையலறை கிளம்பியது. கல்லும் மண்ணுமாகக் கட்டி, பலகைக்கல் கூரை போட்ட தனி அறை அது; வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பூனை போகிற சந்து. பயறு கொதிக்கத் தொடங்கியதும் கிழக்குச் சுவரை முன்னால் வைத்து நகர்ந்தது, முற்றத்தைத் தாண்டியது, பயறு வெந்ததும் முள்ளங்கிப் பாத்தியில் நின்றது. ஒரு கல் உதிரவில்லை. சருளி உள்ளேயே இருந்தாள். கரண்டியை மட்டும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். அவள் புருஷன் திவான் சிங், பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், வழக்கம்போல் பதினொரு மணிக்குச் சாப்பிட வந்தார். சமையலறை இருந்த இடத்தில் சமையலறை இல்லை. ஒன்பது அடி தள்ளி இருந்தது. ஒன்பது அடி நடந்தார், கை கழுவினார், செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றார். அன்றைக்கு அதைப் பற்றி நிங்களாதாரில் பேசப்பட்டது இவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. அடுப்பில் ஏதாவது வேகும்போது மட்டும் அது நடந்தது, இறக்கியதும் நின்றது. கருப்புப் பயறு ஒரு சட்டி வெந்தால் ஒன்பது அடி. கொள்ளு என்றால் பன்னிரண்டு, பழைய கொள்ளு என்றால் பதினைந்து. சோற்றுக்கு மூன்று அடி. டீக்கு ஒரு சாண், அதுவும் இஞ்சி தட்டிப் போட்டால்தான். கடைத்தெருவிலிருந்து யாரோ இரண்டு நிமிஷ நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி வந்து போட்டுப் பார்த்தார்கள்; சமையலறை நகரவில்லை, கொஞ்சம் முகம் திருப்பிக்கொண்டது போலிருந்தது. படிப்படியாக இறங்கும் வயல்களில் அது கிழட்டு எருமை மாதிரி இறங்கியது. முதலில் முன்சுவர், பிறகு ஒரு யோசனை, பிறகு பின்சுவர். நிலக் கணக்கு எழுதும் பட்வாரி வந்து பார்த்துவிட்டு, வீடுகள் பகுதியில் எழுதுவதா கால்நடைகள் பகுதியில் எழுதுவதா என்று அரை நாள் தவித்தார். சருளி அவருக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்தபோது அவருடைய குடை எட்டடி பின்னால் கிடந்தது. கால்நடை என்று எழுதிவிட்டுப் போனார்.

ஹவில்தார் பட்டாள ஒழுங்குள்ள மனிதர். தினம் வீட்டிலிருந்து அடி எண்ணி நடந்து சாப்பிட வருவார், திரும்பிப் போய்ப் படுப்பார். மழைக்காலம் வரும்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. தீபாவளி வாக்கில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு, உடனே திரும்பினால் இருட்டுவதற்குள் வீடு என்று ஆனது. இரவுச் சாப்பாடு கைவிடப்பட்டது. ஒருநாள் வீட்டைப் பூட்டி, எருமையை அவிழ்த்து, இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். “பொண்டாட்டி பின்னாடி போறியாக்கும்” என்று ஊரில் சிரித்தார்கள். “பொண்டாட்டி பின்னாடி எவன் போறான்? சோத்துக்குப் பின்னாடி போறேன்” என்றார். இரண்டும் ஒரே திசையில் போவதை அவர் ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

எந்தத் திசை என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. ஓடைக்கு அப்பால் பாதை பிரிகிற இடத்தில் சமையலறை, எது வெந்தாலும் அசையாமல் ஆறு நாள் நின்று, ஒரு பானை கொள்ளு வேகும் நேரத்தில் இடப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் சிமல்சௌர், மூசாகோட், ஆறு, பாத்தல்கேத். சருளி தம்பியிடம் நியாயம் கேட்கப் போகிறாள் என்று ஊர் பேசியது, நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் போய்க் கேட்பாள்: ஏன்டா அனுப்பவில்லை? அவன் சொல்வான்: அனுப்பினேனே, லச்சு கையில். அதன் பிறகு முப்பத்தேழு வாசற்படிகளிலும் என் தேய்ந்த இடத்தில் சாணி மெழுகிவிடுவார்கள். பிட்டௌலி தின்றவனுக்கு எங்கள் மலையில் ஒரு வீட்டிலும் ரொட்டி கிடையாது. சாகும்வரை நானும் டிப்டியும் ஒரே புல்லை மேய வேண்டியதுதான்.

ஆகவே நான் உதவிக்குப் போனேன். தினமும் விறகு கொண்டுவருகிறேன் போஜி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சேர்ந்துகொண்டேன். ஊர் என்னை மெச்சியது. நான் கொண்டுபோனது எல்லாம் ஈர விறகு. அப்போதுதான் வெட்டிய புராஞ்சு, பனியில் ஊறிய கருவாலி. அடுப்பு புகையும், பயறு வேகாது, சமையலறை நாளெல்லாம் மூன்று அடி நகர்ந்து இருமும். காய்கறி கொண்டுபோனாலும் சட்டென்று வேகிற முளைக்கீரையாகத்தான் கொண்டுபோவேன். சருளி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொள்ளை ஏற்றுவாள். சில நாள் தாங்க முடியாமல், “போஜி, மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடு” என்பேன். “மனசுல என்ன இருக்கு, அடுப்புலதான் இருக்கு, தள்ளிக்க” என்பாள். “என்மேல வருத்தமா?” என்பேன். “டிப்டிக்குத் தண்ணி காட்டினியா?” என்பாள். இப்படி மூன்று வருஷம் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் வந்ததில்லை, சாப்பாடுதான் வந்தது. அது தொண்டையில் இறங்க இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கத்தான் செய்தது; நான் பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் பைசாக் மாதம், கதிர் முற்றி அறுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, சமையலறை சிமல்சௌரில் ஹன்சி தேவியின் கோதுமை வயல் நடுவில் போய் நின்றது. ஹன்சி அரிவாளோடு வந்தாள். அவள் பேச்சை அப்படியே எழுத முடியாது, முடிந்தவரை எழுதுகிறேன். “யாரைக் கேட்டு என் வயல்ல கொண்டாந்து நிறுத்தின? எருமை புகுந்தா ஓட்டிவிடலாம், ஆட்டை அடிக்கலாம், இதை என்ன செய்ய? வாலைப் புடிச்சு இழுக்கவா?” சருளி உள்ளேயிருந்தே, “வாலு இல்ல ஹன்சி, கதவுதான் இருக்கு, உள்ள வா” என்றாள். ஹன்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் திட்டிக்கொண்டே நுழைந்தாள். கேழ்வரகு ரொட்டி, பாங்கு என்கிற கஞ்சாச்செடி விதையில் அரைத்த துவையல், வெண்ணெய். திட்டு மெல்ல மெல்ல இறங்கி, மூன்றாவது ரொட்டியில் அவளுடைய மாமியாரைப் பற்றியதாக மாறியது. கோதுமையைச் சமையலறையைச் சுற்றி அறுத்தார்கள். மழை முடிகிற வரைக்கும் ஹன்சி அதைத் தன் வயல்களைத் தாண்டிப் போகவிடவில்லை. கொள்ளை ஒளித்து வைத்தாள், உப்பை ஒளித்து வைத்தாள், ஒருநாள் அம்மிக் குழவியையே தூக்கிப்போய் மாட்டுக் கொட்டிலில் போட்டாள். அந்த ஐந்து மாதம் எனக்கு நிம்மதியான காலம். அவளுக்காக நான் கோயிலில் மணி கட்டினேன்.

நகரத்திலிருந்து நான்கு பேர் வந்ததும் அப்போதுதான். நிதானமாகப் பயணம் செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும் தங்கி, வயலில் வேலை செய்து, வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டு, அவசரமே இல்லாமல் போவது அவர்கள் திட்டம். சமையலறையே போகிறது என்று கேள்விப்பட்டு ஆனந்தப்பட்டார்கள், கூடவே நடப்போம் என்றார்கள். முதல் நாள் பதினோரு அடி நடந்தார்கள். இரண்டாம் நாள் கீரை என்பதால் இரண்டு அடி. மூன்றாம் நாள் ஒருவர் கடிகாரம் பார்த்தார். இவ்வளவு நிதானத்துக்குத் தங்களிடம் நேரம் இல்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, மலையிறங்கும் ஜீப்பைப் பிடிக்க ஓடினார்கள். அவர்கள் விட்டுப்போன கூடாரத்தில் ஹன்சி வைக்கோல் போட்டு வைத்தாள்.

மழை ஓய்ந்த அந்த அசோஜ் மாதம் சருளி ஒரு காரியம் செய்தாள். அடுப்பில் கொள்ளை ஏற்றி, கரண்டியை ஹவில்தார் கையில் கொடுத்து, “நான் முன்னாடி நடந்து போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன், கிளறிட்டே இருங்க” என்று சொல்லிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். இரண்டு நாளில் போய்விடுவாளே என்று டிப்டிமேல் மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அவள் மூசாகோட் முக்கு திரும்புவதற்குள், சமையலறை அப்படியே திரும்பி நிங்களாதாரைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. ஓட்டம் என்றால் எருமை ஓட்டம்தான். ஹவில்தார் உள்ளே கரண்டியோடு, “நில், நில்” என்று பட்டாளக் குரலில் கத்திக்கொண்டு போனார். நான்கு வயல் மேலே ஏறிவிட்டது. புகையைப் பார்த்துவிட்டு சருளி திரும்பி வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். சமையலறை நின்றது. ஒரு மாதத்து நடை வீணாய்ப் போனது. “பத்து நாள் பொறந்த வீட்டுக்கு நான் போனா அடுப்பு யாரு மூட்டுவான்னு இத்தனை வருஷமா கேட்டீங்கல்ல, இதுவும் கேக்குது” என்று புருஷனிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து அவர் ரொட்டி தட்டப் பழகினார். முதல் ரொட்டி இமயமலையின் வரைபடம் மாதிரி இருந்தது.

கடுங்குளிர்காலம், மாக் மாதம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். ஆறு முப்பது அடி அகலம். நடுவில் நின்றுவிட்டால் பனி உருகிவரும் தண்ணீர் அடுப்பை அணைத்துவிடும். ஒரே மூச்சில் கடக்க வேண்டும். அதாவது அடுப்பு அணையாமல் மூன்று பானை கொள்ளு. இரண்டு கரை ஊர்களும் வீட்டுக்கு ஒரு படி கொண்டுவந்தன. விறகுக்கு மட்டும் என்னை விடவில்லை, ஹவில்தாரே காய்ந்த விறகாகப் பார்த்துப் போட்டார். விடிந்ததும் சமையலறை, பாவாடையைத் தூக்கிப் பிடிப்பதுபோலச் சுவர்களைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பெண்கள் இரண்டு கரையிலும் நின்று பாடினார்கள். பொழுது சாயும் முன் அக்கரை ஏறியது. மூன்று பானைக் கொள்ளை யார் சாப்பிடுவது என்ற கேள்வி எழுந்தது. ஊரே சாப்பிட்டது. அந்த வாரம் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எப்படி இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் ஏற்றம். ஏற்றத்தில் அது மெதுவாகப் போகும் என்று நம்பியிருந்தேன். பயறு ஒரு சட்டிக்குப் பதினான்கு அடி ஏறியது. பிறந்த வீட்டுப் பாதையில் திரும்பிய பெண்ணின் நடை அது, எந்த விறகாலும் அதைத் தடுக்க முடியாது. பதினான்கு மாதம் ஜமன் சிங் தன் முற்றத்துக் கட்டிலிலிருந்து அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெரிந்தது, தேவதாரு மரங்களுக்கு நடுவில் தெரிந்தது, கோயிலுக்குப் பின்னால் தெரிந்தது. அவனும் கோபத்தில்தான் இருந்தான். பிட்டௌலி வாங்கியவள் பதிலுக்கு ஒரு பிடி அரிசியாவது கொடுத்தனுப்புவாள். அவனுக்கு எதுவும் வரவில்லை, அதனால் அடுத்த இரண்டு வருஷம் அவனும் அனுப்பவில்லை. அந்தப் பாவமும் என்னுடையதுதான். வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைத் மாதம், புராஞ்சு பூத்து மலை சிவந்திருந்தபோது, சமையலறை பாத்தல்கேத்துக்குள் நுழைந்தது. ஊர்ப் பிள்ளைகள் அதன் வாசற்படியிலும் பூப் போட்டார்கள், சைத் பிறந்ததும் எல்லா வாசலுக்கும் போடுகிற மாதிரி. ஜமன் முற்றத்தில் அது நுழைவதற்குள் ஒரு கழுதை தப்பித்து ஓடலாம், ஒரு மனிதனும் ஓடலாம். டிப்டி நகரவில்லை, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தது. நானும் நின்றேன்.

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமையலறை ஒரு மழைக்காலம் முழுக்க ஜமன் வீட்டை ஒட்டி நின்றது; அவன் மனைவி அதன் சுவரில் மிளகாய்ச் சரம் மாட்டினாள். பிறகு நிங்களாதாருக்குக் கிளம்பியது, திரும்பவும் வந்தது. இப்போது ஐந்தாவது தடவை நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வழி கேட்டால், அந்தச் சமையலறை தாண்டி வலப்பக்கம் என்று சொல்வார்கள். அது எங்கே நிற்கிறது என்று நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். பட்வாரிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், இன்னமும் கால்நடைதான்.

அன்றைக்கு சருளி வெளியே வந்தபோது கையில் கரண்டி இருந்தது. ஜமன் கட்டிலில் உட்கார்ந்து காலைக் கம்பளியால் மூடிக்கொண்டான், மூடிய வேகத்தில் அவன் ஊன்றி நடக்கும் கம்பு கீழே விழுந்தது.

“வந்துட்டியா தீதி. மூணு வருஷம் ஒரு வார்த்தை இல்ல. நாப்பத்தோரு புவா. என் பொண்டாட்டி விடியக்காலைல எந்திரிச்சு சுட்டா. நீலச் சேலை வேற. நல்லாருந்துச்சு, நல்லால்லன்னு ஒரு சொல்லு இல்ல.”

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சருளியைப் பார்த்தார்கள். நான் அவளை முந்திக்கொண்டேன். பயத்தில் நாக்கு தானாக ஓடியது.

“நான்தான் தின்னேன். நாப்பத்தொண்ணும் நானே தின்னேன். சேலையை டிப்டி தின்னுச்சு. ஈர விறகு கொண்டாந்ததும் நான்தான். போஜி இங்க வந்து சேரக் கூடாதுன்னுதான் கொண்டாந்தேன்.”

ஹவில்தார் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். அது சமையலறைக்குள் போவதற்காக அல்ல என்பது எல்லாருக்கும் புரிந்தது. சருளி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தம்பியின் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த மரம்?” என்றாள்.

“என்ன எந்த மரம்?”

“எந்த மரத்துலேர்ந்து விழுந்த?”

ஜமன் என்னை முறைத்தான். “சொல்லிட்டியா?”

“சத்தியமா சொல்லல.”

“அவன் சொல்லல” என்றாள் சருளி. “அவன் வந்தன்னைக்கு ரொட்டி போட்டு நெய் ஊத்தி வெச்சேன், வேணாம் போஜி, பசிக்கலன்னான். பன்னெண்டு வருஷமா இவனுக்குச் சோறு போடறேன், ஒருநாள் பசிக்கலன்னு சொன்னதில்ல. வயித்துல நம்ம வீட்டுப் புவாதான் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. உன்னால நடக்க முடிஞ்சா இவன்கிட்டப் போய் குடுத்து அனுப்புவியா? ஊர்ல வேற கழுதையே இல்லையா? கால்ல என்னமோ ஆயிருக்குன்னு தெரிஞ்சுதான் கிளம்பினேன்; சின்ன வயசுலேர்ந்து நீ விழறது மரத்துலேர்ந்துதானே. சண்டை போட எவ வருவா, மூணு வருஷம் நடந்து?”

ஜமன், “அக்ரூட் மரம்” என்றான். கம்பளியை எடுத்தான். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள்; எலும்பு கூடியிருந்தது, கோணலாகக் கூடியிருந்தது. அவன் சொன்ன மாதிரி அவள் அழவில்லை. அழுதது அவன். ஹவில்தார் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாரை அடிப்பது என்று மறந்துபோய், வானத்தைப் பார்த்தார்.

சமையலறைக்குள் மோர்க்குழம்பு கொதித்து வாசனை வந்தது. அறை ஜமன் வீட்டுச் சுவரைத் தொட்டு நின்றது. எருமை கொட்டிலில் முதுகைத் தேய்ப்பது மாதிரி ஒரு தரம் தேய்த்துக்கொண்டது. பெண்கள் இலை தேட, தட்டுக் கழுவ என்று கலைந்தார்கள். என்னை யாரும் போ என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. டிப்டியின் கயிற்றை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன். கடைசியில் வாசற்படிக்கு வெளியே போய் நின்றேன். சருளி உள்ளே குனிந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“போஜி, மூணு வருஷமா கேக்கறேன். டிப்டிக்குத் தண்ணி காட்டியாச்சு. நேரா ஒரே ஒரு பதில் சொல்லு. என்மேல கோபம் இருக்கா, இல்லையா?”

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். புகையில் சிவந்த கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருக்கு” என்றாள். “உக்காரு, சாப்பிடு.”